நான் எழுதிக் கொடுத்த நோட்டுகள்

எழுத்துக் கூட்டக்கூட வராத ஒரு பிள்ளையை, நன்றாகப் படிக்கிறவள் என்று ஒரு பள்ளி முழுவதையும் நம்ப வைத்தேன். தெரிந்தே செய்தேன். எனக்குப் பெயர் கிடைக்கும் என்பதற்காகச் செய்தேன். நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். முடிவை நீங்கள் சொல்லுங்கள்.

2012. ஜவ்வாது மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளி. நான் பிளஸ் ஒன். மலையாளிப் பழங்குடிக் குடும்பம். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வந்த பெண்பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து எங்களிடம் ஒப்படைத்தார்கள். டிரங்குப் பெட்டியை எங்கே வைப்பது, ராத்திரியில் யாரை எழுப்பிக்கொண்டு பாத்ரூம் போவது என்று சொல்லித் தர வேண்டும். மாலை ஸ்டடியில் கூடவே உட்கார்ந்து படிக்கப் பழக்க வேண்டும். அவர்களில் பலர் ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். இங்கே மணி அடித்தால் டீச்சர் மாறுவார், பாடம் மாறும். அதிலேயே மிரண்டு போயிருந்தார்கள். சிலருடைய அப்பா அம்மா கேரளத்திலோ குடகிலோ எஸ்டேட் வேலையில் இருந்தார்கள். எதற்கென்றாலும் அந்தப் பிள்ளைகள் எங்கள் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

என் குழுவில் ஒருத்திக்கு வாசிக்க வராது என்பது முதல் மாதமே தெரிந்துவிட்டது. 'கோழி' என்று இருந்தால் 'கே… ர… ழி' என்பாள். முன்னால் இருக்கும் கொம்பை மட்டும் சேர்த்துப் படிப்பாள். பின்னால் நிற்கும் காலை 'ர' என்று நினைத்துக்கொள்வாள். சிக்கல் அவ்வளவுதான். தினமும் கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் வைத்து வாசிக்க வைத்திருந்தால் தேறியிருப்பாள். இன்றைக்கு டீச்சராக இருப்பதால் இதைச் சொல்லவில்லை. ஆறாவதில் சேர்ந்தபோது நானும் அப்படித்தான் திக்கினேன். ஒரு பிளஸ் டூ அக்கா விரல் பிடித்துத்தான் என்னை வாசிக்க வைத்தார். ஆகவே வழி தெரியவில்லை என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

அந்த வருடம்தான் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. பரீட்சைக்கு 60 மதிப்பெண், வளரறி மதிப்பீட்டுக்கு 40. சார்ட்டும் செயல்திட்டமும் அந்த 40-இல் சேரும். முறையில் குறை இல்லை. பரீட்சை என்றாலே நடுங்கும் குழந்தையும் தனக்குத் தெரிந்ததைச் செய்து காட்டட்டும் என்றுதான் கொண்டு வந்தார்கள். அதை என் பெருமைக்கு வளைத்துக்கொண்டது நான்.

விடைகளை ரஃப் நோட்டில் நானே எழுதினேன். "பாத்து எழுதுங்க" என்றேன். மார்ஜின் போட்டு, தலைப்புக்குப் பச்சை ஸ்கெட்ச் தீட்டி, வரி பிசகாமல் எழுதினார்கள். வாசிக்க வராத அந்தப் பிள்ளையின் கையெழுத்துதான் எல்லாவற்றிலும் அழகு. முத்து முத்தாக இருக்கும். எழுத்தை அவள் எழுதவில்லை, படமாக வரைந்தாள். பிரேயரில் எங்கள் குழு நோட்டுகளைத் தூக்கிக் காட்டி என் பெயரைச் சொன்னார்கள். கை தட்டினார்கள். அதைக் கேட்ட பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. நிறுத்த நினைக்கவும் இல்லை.

இரண்டாம் பருவத்தில் ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். அவள் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நின்றார். நம் மலையின் சிறப்புகள் என்ற பக்கம். காவலூர் வைணு பாப்பு வானாய்வகம், 1986-இல் திறந்து வைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி என்று நான் எழுதிக் கொடுத்து, சொல்லிச் சொல்லி மனப்பாடமும் செய்ய வைத்த வரிகள்.

"படிம்மா" என்றார். தடுமாறாமல் ஒப்பித்தாள். அவள் கண் நோட்டில் இல்லை என்பதைக் கவனித்துவிட்டார் போலிருக்கிறது. வரியின் நடுவில் விரலை வைத்து, "இது என்ன?" என்றார். 'தொலைநோக்கி' என்ற சொல். கொம்பும் காலுமாக நிறைந்த சொல். அவள் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இவளுக்குக் கண்ணுல கோளாறு சார், கண்ணாடி போடணும்" என்றேன்.

அந்த மனிதர் கோபப்படவே இல்லை. உடனே கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். வாசிக்க வரவில்லை என்று சொல்லியிருந்தால் அதற்கும் ஏதாவது செய்திருப்பார். எனக்குக் கொஞ்சம் திட்டு விழுந்திருக்கும். அந்தத் திட்டுக்குப் பயந்தேன். அதைவிட, கை தட்டியவர்கள் முன்னால் தலைகுனியப் பயந்தேன்.

அன்று ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு கேட்டாள்: "எனக்குக் கண்ணு தெரியாம போயிடுமாக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, படு" என்று திரும்பிப் படுத்தேன்.

டிசம்பர் லீவுக்குப் போனவள் மூன்றாம் பருவத்துக்கு வரவில்லை. அம்மாவோடு மிளகு பறிக்கக் கேரளம் போய்விட்டாள் என்றார்கள். கஷ்டம், அதனால் படிப்பு நின்றது என்று சொல்லிவிடலாம். மலையில் கஷ்டம் பொய்யில்லை. ஆனால் அதே கஷ்டத்தில் இருந்த மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். வகுப்பில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தவளுக்குத் திரும்பி வர என்ன இருந்தது? மற்றவர்களையும் நான் விட்டுவைக்கவில்லை. பார்த்து எழுதுவதுதான் படிப்பு என்று பழக்கிவிட்டேன். எட்டாவது வரை எல்லோரும் பாஸ். பத்தாவதில் சிலர் பெயிலானார்கள். அதில் ஒருத்தி என் சித்தப்பா மகள்.

2024 பிப்ரவரியில் எங்கள் மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, 23 வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோஷம். அந்தச் சமயத்தில் ஒரு கூட்டத்தில் என்னையும் மேடையேற்றி, படிக்கும் காலத்திலேயே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசினேன். அந்த நோட்டுகளைப் பற்றியும் பெருமையாகப் பேசினேன்.

அதே வருடம் ஜமுனாமரத்தூரில் வங்கியில், வாசிக்க வராமல் பள்ளியை விட்டுப் போன அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. என்னை அடையாளம் கண்டு "அக்கா" என்று ஓடி வந்தாள். பணம் எடுக்கிற சலானை நீட்டினாள். "இந்த அக்காதான் எனக்கு எல்லாம் எழுதிக் குடுக்கும்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். நன்றியோடு சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். முத்து முத்தாக எழுதிய அந்தக் கை, மையில் கட்டைவிரலை ஒற்றிக் கைநாட்டு வைத்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அரசுப் பள்ளிகளில் மகிழ் முற்றம் என்ற மாணவர் குழு முறை இருக்கிறது. குறிஞ்சி, முல்லை என்று ஐந்து குழுக்கள். பெரியவர்களும் சின்னவர்களும் ஒரே குழுவில். வாசிப்பில் பின்தங்கிய ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2025-இல் 'திறன்' பயிற்சியும் வந்தது. என் பிளஸ் ஒன் பெண்கள் சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வரும்போது நான் நோட்டைக் கேட்பதில்லை. பழகாத ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். திக்கினால் யாரையும் திட்ட மாட்டேன். "ஏன் டீச்சர் நோட்டப் பாக்கவே மாட்டேங்கிறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

இதை முதலில் கேட்க வேண்டியவளால் இதைப் படிக்க முடியாது. அவள் ஊருக்கு ஜமுனாமரத்தூரிலிருந்து பஸ் இருக்கிறது. நேரில் போய், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னும் போகவில்லை.