இணைந்த இறக்கைகள்

1940ஆம் ஆண்டு செப்டம்பர் 29. இரண்டாம் உலகப்போருக்கெனப் பல நாடுகளும் தம் இளைஞர்களை விரைந்து பழக்கிவந்த காலம். ஆஸ்திரேலியாவின் வாகா வாகா நகருக்கு அருகிலுள்ள ஃபாரஸ்ட் ஹில் விமானத்தளத்திலிருந்து, அவ்ரோ ஆன்சன் வகைப் பயிற்சி விமானங்கள் இரண்டு மேலெழுந்தன. ஒன்றை 22 வயதான லியனார்ட் ஃபுல்லரும், மற்றொன்றை 19 வயதான ஜாக் ஹியூசனும் செலுத்தினர். வழிகாட்டுநர்களாகச் சின்கிளேரும் ஃப்ரேசரும் உடன் சென்றனர். நால்வரும் பயிற்சி மாணவர்களே.

புரோக்கிள்ஸ்பி என்னும் சிற்றூருக்கு மேலே, ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்தில், இரண்டு விமானங்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பின. அத்திருப்பத்தில் ஒன்று மற்றொன்றின் பார்வையிலிருந்து மறைந்தது. அடுத்த கணம் பேரோசை எழுந்தது. ஃபுல்லரின் விமானம் ஹியூசனின் விமானத்தின் முதுகில் அமர்ந்து, பிரிக்க முடியாதபடி சிக்கிக்கொண்டது.

மேலிருந்த விமானத்தின் எந்திரங்கள் இரண்டும் நின்றுபோயின. ஆயினும் அதன் இறக்கை மடல்கள் விமானியின் கைக்கு அடங்கின. கீழிருந்த விமானத்தின் எந்திரங்களோ முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தன. அதைச் செலுத்தத்தான் ஆளில்லை. முதுகில் காயமுற்ற ஹியூசனும் வழிகாட்டுநர் இருவரும் வான்குடையுடன் குதித்துவிட்டனர். ஃபுல்லர் மட்டும் குதிக்கவில்லை. ஒன்றன் விசையையும் மற்றொன்றன் கட்டுப்பாட்டையும் சேர்த்தால் பறக்கலாம் என்பதைக் கைகளால் உணர்ந்துகொண்டார். எந்தப் பாடத்திலும் இல்லாத பறத்தல் அது. அவ்வாறே ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் சென்று, திறந்த புல்வெளி ஒன்றைக் கண்டு, இரண்டையும் இறக்கினார். புல்லின்மேல் ஏறத்தாழ 180 மீட்டர் சறுக்கிச் சென்று அவை நின்றன. நால்வரும் உயிர் பிழைத்தனர். ஊரில் எவர்க்கும் தீங்கில்லை. ஃபுல்லரின் விமானம் பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் பறந்தது.

விமானப்படை அவரைப் பாராட்டிப் பதவி உயர்வு அளித்தது. இசைவு பெறாமல் செய்தியாளரிடம் பேசியதற்காகப் பதினான்கு நாள் வெளியே செல்லத் தடையும், ஏழு நாள் ஊதியப் பிடித்தமும் விதித்தது. பாராட்டு ஒரு கையில், தண்டனை மறு கையில்! இரண்டையும் பெற்றவர் போர்முனைக்குச் சென்றார். வீரப்பதக்கம் பெற்றுத் தாயகம் திரும்பினார். இளம் விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கலானார்.

வானம் கொண்டுபோகாத அவ்வுயிரை மண்ணில் ஒரு சாலை கொண்டுபோயிற்று. 1944ஆம் ஆண்டு மார்ச் மாதம், விக்டோரியா மாநிலத்தின் சேல் நகருக்கு அருகே மிதிவண்டியில் சென்றபோது, பேருந்து மோதி இறந்தார்.

புரோக்கிள்ஸ்பி மக்கள் அவரை மறக்கவில்லை. நிகழ்வின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில், 1990ஆம் ஆண்டு, அங்கே நினைவுக்கல் நாட்டினர். இழந்தவற்றை எண்ணிக் கலங்காமல் எஞ்சியவற்றைக் கணக்கிட்ட சில நிமிடங்களுக்கு அந்தக் கல் இன்றும் சான்றாக நிற்கிறது.