இரண்டா, நான்கா?

சோழவந்தான் பக்கம் ஒரு கிராமம். அப்பத்தாவுக்கு 80 வயது. 1965-ல் தாய்மாமன் மகனையே கட்டிக்கொண்டவர். முறை மாப்பிள்ளைதான், ஊரில் யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால், கத்தோலிக்கக் குடும்பம். கோயிலில் ஓலை வாசிக்கும் முன் ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பிறகு ஒரு சண்டையில், “மன்னிப்பு வாங்கிக் கட்டுன கல்யாணந்தானே” என்று ஓரகத்தி சொல்லிவிட்டார். அந்தச் சொல் இத்தனை வருடமாக அப்பத்தாவின் மனதில் முள்ளாகக் கிடந்தது.

மதுரையில் சட்டம் படிக்கும் பேத்தி, ஒரு வேலையாகக் கோயிலிலிருந்து திருமணப் பதிவின் நகலை வாங்கி வந்தாள். ஓரத்தில் லத்தீனில் ஒரு குறிப்பு. ‘ரத்த உறவு, இரண்டாம் படி, விலக்கு தரப்பட்டது’ என்று பொருள்.

இரவு செல்போனில் தேடினாள். வாடிகன் இணையதளத்தில் 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் முழுவதும் இலவசமாகவே இருக்கிறது. 1078-வது பிரிவைப் படித்ததும் திக்கென்றது. பக்கவழி உறவில் இரண்டாம் படிக்கு விலக்கே கிடையாதாம்! அப்படியென்றால் அந்தக் கல்யாணம்?

தூக்கம் போய்விட்டது. தேடித் தேடி, ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் 533-ல் வெளியிட்ட சட்டப் பாடநூலில் போய் நின்றாள். ஆங்கில மொழிபெயர்ப்பே இணையத்தில் கிடைத்தது. ரோமர்கள் பொது மூதாதை வரை ஏறி, மறுபக்கம் இறங்கி, எல்லாப் படிகளையும் எண்ணுவார்கள். இடைக்காலத் திருச்சபையோ ஒரு பக்கத்தை மட்டும் எண்ணியது.

விரல் விட்டு எண்ணினாள். அப்பத்தாவின் அம்மா ஒன்று, அம்மாவைப் பெற்றவர்கள் இரண்டு, தாய்மாமன் மூன்று, அவர் மகன் நான்கு. பழைய கணக்கில் இரண்டு, ரோமர் கணக்கில் நான்கு. 1983 சட்டம் ரோமர் கணக்குக்கு மாறியிருந்தது. அதில் இரண்டாம் படி என்பது உடன்பிறந்தவர்கள்!

1215-ல் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் சங்கத்தின் தீர்மானமும் கண்ணில் பட்டது. ஏழு படி வரை இருந்த தடையை அப்போது நான்காகக் குறைத்திருக்கிறார்கள். காலத்துக்கேற்ப மனிதர் போட்ட சட்டம் மாறுவது குற்றமல்ல என்பதுதான் அதன் தொடக்கமே.

காலையில் அப்பத்தா திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

“அது மன்னிப்பு இல்ல அப்பத்தா, அனுமதி. தப்பு பண்ணவங்களுக்குத்தான் மன்னிப்பு.”

“அதுல தப்புனு எங்கயும் எழுதலையா?”

“ஒரு எழுத்துகூட இல்ல.”

கீரைக்காம்பைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் தெருவையே பார்த்தார் அப்பத்தா.

“உங்க தாத்தா இருக்கும்போதே இதப் படிச்சுச் சொல்ல ஒரு ஆளு இல்லாமப் போச்சே.”