கந்தப்பளையிலிருந்து நெடுந்தீவுக்கு ஒரு ஸ்கூட்டர்

கந்தப்பளை நுவரெலியாவிலிருந்து இராகலை செல்லும் வீதியில், கடல் மட்டத்துக்கு ஆறாயிரம் அடிக்கும் மேலே இருக்கும் சிறிய நகரம். சுற்றிலும் தேயிலை மலைகள். இடையிடையே லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குத் தோட்டங்கள். ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை குறுகிய பாதை ரயில் ஓடியது. 1940களில் அது நின்றுபோனது. இன்று இங்கிருந்து ஒரு பொருளை வெளியே அனுப்புவதென்றால் லொறிதான் வழி.

கடந்த வருடம் இங்கிருந்து அனுப்பப்பட்ட ஒரு பழைய ஸ்கூட்டரைப் பற்றியே எழுதுகிறேன். அதன் சொந்தக்காரி எங்கள் பெண்கள் குழுவில் இருந்த ஓர் அக்கா. 1977 வன்செயலுக்குப் பின்னர் அவருடைய பெற்றோர் மலையகத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போய்க் குடியேறினார்கள். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். திருமணம் செய்தது நெடுந்தீவைச் சேர்ந்த ஒருவரை. 2009இல் கணவர் காணாமல் போனார். முகாமிலிருந்து வெளியே வந்த அக்கா, கைக்குழந்தையுடன் கந்தப்பளையில் சித்தியின் லயன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். தையலில் சேர்த்த பணத்துடன் லீசிங்கும் எடுத்து அந்த ஸ்கூட்டரை வாங்கினார். தைத்த உடுப்புகளைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய்க் கொடுக்க அது உதவியது.

இப்போது நெடுந்தீவில் மாமியார் தனியே நோயுடன் இருக்கிறார். அங்கே போய் வாழ்வது என்று அக்கா முடிவெடுத்தார். "வண்டிய வித்துட்டுப் போனா அங்க கையக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கணும் தங்கச்சி" என்றார். பரந்த தீவு, பஸ் குறைவு. தையல் வேலையும் வைத்தியசாலைக்குப் போய்வருவதும் அந்த ஸ்கூட்டரை நம்பியே இருந்தன.

முதலில் விலாசப் பிரச்சினை வந்தது. லயன் வீடுகளுக்குத் தனித்தனி விலாசம் இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே வரும். காப்புறுதி நிறுவனம் அனுப்பிய புதுப்பித்தல் கடிதம் ஒன்று அக்காவின் கைக்கு வராமலே போயிருந்தது. ஆகவே நெடுந்தீவு விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் காப்புறுதி நிறுவனத்துக்கும் லீசிங் நிறுவனத்துக்கும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வாங்கினோம். லீசிங் முடியும் வரை பதிவுச் சான்றிதழ் அவர்களிடமே இருப்பதால், அவர்களுக்குத் தெரியாமல் வாகனத்தைக் கொண்டுபோவது நல்லதல்ல.

அடுத்தது காப்புறுதி. எமது நாட்டில் மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வீதியில் வாகனம் ஓட்ட முடியாது. வருமான அனுமதிப்பத்திரமும் எடுக்க முடியாது. ஆனால் அது மற்றவருக்கு ஏற்படும் இழப்புக்கு மட்டுமே. எமது வாகனத்துக்குச் சேதம் வந்தால் நட்டஈடு கிடைக்க வேண்டுமானால் முழுமையான காப்புறுதி வேண்டும். லீசிங் காரணமாக அக்காவிடம் அது இருந்தது. பத்திரத்தை எடுத்து வரி வரியாக வாசித்தோம். வாகனத்தை ஏற்றிச் செல்லும்போது காப்பு உண்டு என்ற பகுதியில் வீதி, ரயில், உள்நாட்டு நீர்வழி என்ற சொற்கள் இருந்தன. கடல் என்ற சொல் இல்லை. நெடுந்தீவுப் பயணம் எதில் சேரும் என்று கடிதம் எழுதிக் கேட்டோம். படகில் இருக்கும் நேரத்துக்குக் காப்பு இல்லை, தீவில் இறங்கிய பின்னர் வழமைபோல் உண்டு என்று பதில் எழுத்தில் வந்தது. விரும்பிய பதில் அல்ல; ஆனாலும் எந்த இடத்தில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

மரக்கறி ஏற்றி யாழ்ப்பாணம் போகும் லொறி ஒன்றில் ஸ்கூட்டரை அனுப்பினோம். ஏற்றுமுன் நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்து, வாகன இலக்கத்தையும் ஏற்கனவே இருந்த கீறல்களையும் ஒரு தாளில் எழுதி, லொறிக்காரரின் கையெழுத்தை வாங்கினோம். கண்டியிலிருந்து ஏ9 வீதி. 2006 ஓகஸ்டில் இந்தப் பாதை மூடப்பட்டபோது திருகோணமலையிலிருந்து கப்பலுக்குக் காத்துக் கிடந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் வரை தரைப் பாதை உண்டு. அதன் பிறகு கடல்தான். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே வாகனங்களை ஏற்றும் 'பாதை' இருக்கிறது. வாகனத்தை அப்படியே ஓட்டி ஏற்றலாம். நெடுந்தீவுப் படகில் அது முடியாது. ஆட்கள் தூக்கித்தான் வைக்க வேண்டும். "பெற்றோலை இறக்கிப்போட்டு வாங்கோ பிள்ளை. காத்து எழும்பினால் ஏத்தமாட்டம்" என்றார் படகுக்காரர். சோழகக் காற்றுக் காலத்திலும் மாரியிலும் கடல் கொந்தளிக்கும் என்பதால், அமைதியான நாள் பார்த்துக் காலைப் படகில் போனோம். பழைய ரயர்களையும் சாக்குகளையும் அடியில் போட்டுக் கயிற்றால் இறுகக் கட்டினார்கள். அக்கா ஒரு மணித்தியாலமும் ஹேண்டிலை விடவில்லை. 1985 மே 15இல் குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டது இதே கடலில்தான். அருகில் இருந்த வயதான அம்மா அதை மெதுவாகச் சொல்லிவிட்டு, கயிற்றின் மறுமுனையைத் தானும் பிடித்துக்கொண்டார்.

ஒரு பக்கக் கண்ணாடி உடைந்ததைத் தவிர வேறு சேதமில்லை. அந்தச் செலவு அக்காவுடையதே. பவளக்கல் மதில்களுக்கு நடுவே அவர் ஸ்கூட்டரை ஓட்டிச் சென்றதை மாமியார் வாசலில் நின்று பார்த்தார்.

சகோதரிகளே, இடம் மாறும்போது பாத்திரம் பண்டங்களை எண்ணுவதுபோல் பத்திரங்களையும் எண்ணுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். தீவில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். நல்ல தண்ணீரும் அரிது. அக்கா இப்போது மழைநீரைப் பிடித்து வைத்து, வாரம் ஒருமுறை ஈரத்துணியால் வண்டியைத் துடைக்கிறாராம். தையல் ஓடர்களும் வரத் தொடங்கிவிட்டன. இந்த மாத லீசிங் தவணையையும் கட்டிவிட்டார்.