கிளாரினெட்டும் நரம்பிசையும்: மும்பையில் ஒரு மாலை

மும்பை நரிமன் பாயிண்டின் கடலோர முனையில், தேசிய நிகழ்கலை மைய வளாகத்தில் ஜாம்ஷெட் பாபா அரங்கம் இருக்கிறது. 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவுக்கு இதுவே வீடு. பிப்ரவரியை ஒட்டி ஒரு பருவம், செப்டம்பரை ஒட்டி இன்னொன்று என ஆண்டுக்கு இருமுறை இங்கே கச்சேரிகள் நடக்கும்.

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியிலிருந்து கிளம்புகிறவருக்கு ரயில் பயணத்தில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மும்பையின் மாட்டுங்காவில்தான் பயணம் தொடங்குகிறது. தமிழர்கள் பல தலைமுறையாக வாழும் பகுதி அது. அங்குள்ள உடுப்பி ஹோட்டல்களில் வாழையிலையில் பூரியும் சோறும் அடுத்தடுத்து விழும். சாம்பாரில் வெல்லம் தட்டும்; அரியலூர் நாக்குக்கு அது முதலில் குற்றம், இரண்டாம் கரண்டியில் மன்னிப்பு. ரசம் கேட்டால் கிண்ணத்தில் வரும், மறுபடி கேட்டால் முகம் சுளிக்காமல் வரும். இலையில் சாப்பிடுவதால் சுத்தம் பற்றிய சந்தேகம் பாதி தீர்கிறது. மேசை துடைக்கும் துணியைப் பற்றிய சந்தேகம் மட்டும் தீர்வதில்லை. பிறகு மாட்டுங்கா ரோட்டிலிருந்து சர்ச்கேட்டுக்கு உள்ளூர் ரயில், அங்கிருந்து டாக்ஸி. மீட்டர் போட மறுக்கும் டாக்ஸிக்காரரிடம் வாதாடுவதைவிட நடப்பது மலிவு.

இனி மாலையின் இசைக்கு வருவோம். கிளாரினெட் முன்னே நின்று வாசிக்கும் படைப்புகளில் முதலிடம் மோட்சார்ட்டின் கிளாரினெட் கான்செர்டோவுக்கு (கே.622). 1791இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், நண்பர் ஆன்டன் ஸ்டாட்லருக்காக அவர் எழுதியது. ஸ்டாட்லரின் வாத்தியம் வழக்கமான கிளாரினெட்டைவிடக் கீழே இறங்கக்கூடியது. மூலக் கையெழுத்துப் பிரதி தொலைந்துவிட்டது. 1801இல் அச்சானது சாதாரண கிளாரினெட்டுக்கு மாற்றிய வடிவம். பக்கவாத்தியம் வயலின் முதல் டபுள் பாஸ் வரையான நரம்புக் குழு, இரண்டு புல்லாங்குழல், இரண்டு பசூன், இரண்டு ஹார்ன். ஓபோ கிடையாது. கூர்மையான அந்த ஓசை இல்லாததால் கிளாரினெட்டின் குரல் மறைவதில்லை. நடுப்பகுதியான அடாஜியோவில் வேகம் முழுக்க அடங்கி, மூச்சு ஒன்றே மிஞ்சும்.

ஊரில் இசை கேட்கும் விதம் வேறு. கல்லங்குறிச்சிக் கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலின் ராமநவமித் திருவிழாவில் நாதஸ்வரம் தெருவோடு நடந்து போகும். கேட்பவரும் கூடப் போவார், நடுவே பேசுவார். மும்பை அரங்கிலோ யாரும் அசையக் கூடாது. கான்செர்டோவின் மூன்று பகுதிகளும் முடியும் வரை கைதட்டவும் கூடாது. நல்ல சங்கதிக்குத் தலையாட்டிப் பழகியவருக்கு இது கொஞ்சம் கடுமையான மரியாதை.

கிளாரினெட் தமிழருக்குப் புதிதல்ல. நாதஸ்வரம் இரட்டை நாக்குக் கருவி. கிளாரினெட் ஒற்றை நாணல் நாக்கு. அதில் கமகம் பிடிக்க விரலும் உதடும் சேர்ந்து உழைக்க வேண்டும். திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதைச் சாதித்து, தவிலோடு முழுக் கச்சேரி நடத்தினார். ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்று பெயர் பெற்ற அவருக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

கிளாரினெட்டை அடுத்து, இப்படிப்பட்ட மாலையில் நரம்பிசைக்கு ஏற்றது சைக்கோவ்ஸ்கி 1880இல் எழுதிய செரனேட். நான்கு பகுதிகள், இரண்டாவது வால்ஸ். மூன்றாம் பகுதியில் முதுகு வலி தெரியத் தொடங்கும், கடைசி ரயிலின் நேரமும் நினைவுக்கு வரும். கச்சேரி முடிந்ததும் சர்ச்கேட்டுக்கு நடையைக் கட்டுவதே நல்லது. அந்த நேரத்தில் டாக்ஸிக்காரர்கள் கேட்கும் தொகை இன்னும் கூடியிருக்கும்.