எண்ணும் எண்ணமும்

தமிழில் 'எண்ணுதல்' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. ஒன்று, இரண்டு எனத் தொகையிடுதல் ஒரு பொருள்; நினைத்துப் பார்த்தல் மற்றொரு பொருள். இவ்விரண்டும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது எவ்வளவு பொருத்தம் என்பது, அரசாங்கக் காரியங்களை உற்றுநோக்குவோர்க்கு நன்கு விளங்கும். எது எண்ணிக்கைக்குள் வந்ததோ அதுவே எண்ணத்திற்குள்ளும் வருகிறது; எண்ணிக்கையில் விடுபட்டவன் திட்டத்திலும் விடுபட்டே போகிறான். இவ்வுண்மையைப் பினாங்கில் ஓடும் சரக்கு லோரிகளைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லோரியைப் புகழ்ந்து பேசுவார் எவரையும் நாம் கண்டதில்லை. அது வழியை அடைக்கிறது, புகை கக்குகிறது, சாலையைக் குழியாக்குகிறது என்று ஏசுவோரே எங்கும் உளர். ஆனால் ஏசுகின்ற வாய்க்கு அன்று காலை உணவு கொண்டுவந்ததும் லோரியே அன்றோ? மார்க்கெட் தெருவிலுள்ள மளிகைக் கடையின் அரிசி மூட்டையும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையின் மின்னணுப் பொருளும், நமது தோட்டத்துச் செம்பனைக் குலையும் தாமாக நடந்து செல்வதில்லை. ஆகவே லோரி வேண்டுமா வேண்டாமா என்பது வீண் கேள்வி. எந்த லோரி, எந்த நேரத்தில், எந்த வழியே, எவர் வாசலைக் கடந்து போகவேண்டும் என்பதே அறிவுடையோர் கேட்கத்தக்க கேள்வி.

பினாங்கின் சரக்குக் கதை சுவையானது. 1786-ல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கிச் சுங்கமில்லாத் துறைமுகம் நாட்டினார். அன்று போடப்பட்ட குறுகிய தெருக்கள் பெரும்பாலும் இன்றும் அப்படியே இருக்கின்றன. 1880-களில் கடலைத் தூர்த்து வெல்டு கீ அமைத்தார்கள். கப்பலிலிருந்து தொங்கானில் இறங்கிய சரக்கு கிடங்குகளுக்கும், கிடங்கிலிருந்து மாட்டு வண்டியில் கடைத்தெருவுக்கும் சென்றது. மூட்டை சுமந்த தோள்களிலும் வண்டி ஓட்டிய கைகளிலும் தமிழருடையவை பல. அக்காலத்தில் துறைமுகம், கிடங்கு, கடை ஆகிய மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருந்தன.

பிறகு நிலைமை தலைகீழாயிற்று. சுங்கமில்லாத் துறைமுகம் என்னும் சலுகை 1969-ல் போயிற்று. 1972-ல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தோன்றியது. துறைமுகத்தின் பெருவேலையோ கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த்துக்கு மாறிற்று. இன்று கொள்கலன் கப்பல்கள் அணைவது வட பட்டர்வொர்த் முனையத்தில். சுவெட்டன்ஹாம் துறையில் நிற்பவை உல்லாசக் கப்பல்கள். தொழிற்சாலை தீவிலும் துறைமுகம் பெருநிலத்திலும் அமைந்துவிட்டபடியால், சரக்கு கடலைத் தாண்டியே தீரவேண்டும். 1985-ல் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள முதற்பாலமும், 2014-ல் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலமும் திறக்கப்பட்டன. வாகனம் ஏற்றிய பழைய பெர்ரியில் கார்களுக்கும் லோரிகளுக்கும் 2021-ல் இடமில்லாமற் போயிற்று. ஆகத் தீவின் அரிசியும் சீமெண்டும் இரண்டே இரண்டு பாலங்களை நம்பியிருக்கின்றன.

இந்நிலையில், பத்து ஆண்டுகளுக்குப் பின் எந்தச் சாலையில் எத்தனை லோரி ஓடும் என்று முன்கூட்டிச் சொல்வது எப்படி? சோதிடம் பார்த்தா? இல்லை, அதற்கொரு கணக்கு முறை உண்டு. நாட்டை வட்டாரம் வட்டாரமாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் எத்தனை பேர் என்ன தொழில் செய்கின்றனர், எவ்வளவு சரக்கு அங்கே பிறக்கிறது, எவ்வளவு அங்கே வந்து சேர்கிறது என்று மதிப்பிடுவது முதற்படி. எந்த வட்டாரத்திலிருந்து எந்த வட்டாரத்திற்கு எவ்வளவு போகிறது என்று பட்டியலிடுவது இரண்டாம் படி. இதற்கு நியூட்டன் கண்ட ஈர்ப்பு விதியை ஒத்த ஒரு வாய்பாட்டைக் கையாள்கின்றனர். இரு இடங்கள் பெரியவையாயின் போக்குவரத்து மிகும். இடைத்தூரம் கூடினால் குறையும். சரக்கின் எடையை லோரி எண்ணிக்கையாக மாற்றுவது மூன்றாம் படி. அந்த லோரிகளைச் சாலைகளின் மேல் பங்கிட்டு வைப்பது நான்காம் படி. முடிவில், சாலையில் நின்று எண்ணிய தொகையோடு ஒப்பிட்டுக் கணக்கைத் திருத்துவார்கள்.

நான்காம் படியில் ஒரு நுட்பம் உண்டு. பாலம் இரண்டாயிற்றே, லோரிகள் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. வட பட்டர்வொர்த்தில் சரக்கேற்றிப் பாயான் லெப்பாஸுக்குப் போகிறவன், தெற்கே பத்து காவான் வரை இறங்கி இரண்டாம் பாலத்தில் ஏறினால் தூரம் அதிகம், டீசல் அதிகம். முதற்பாலத்தின் நெரிசலில் இழக்கும் நேரம் அச்செலவை விஞ்சும்போதுதான் அவன் தெற்கே திரும்புவான். தெற்கிலிருந்து நெடுஞ்சாலையில் வருகிறவனுக்கோ இரண்டாம் பாலமே வசதி. தூரம், நேரம், சுங்கம் ஆகியவற்றை ஒரே தராசில் நிறுப்பதுதான் இக்கணக்கின் உயிர்நாடி.

பாரத்தைப் பற்றியும் ஒரு சொல். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் சாலை போட்டு, அதன்மேல் லோரிகளை ஓயாது ஓட்டிச் சோதனை செய்தார்கள். அச்சின் மேலுள்ள பாரம் இருமடங்கானால் சாலைக்கு நேரும் கேடு ஏறத்தாழப் பதினாறு மடங்காகும் என்பது அதனால் தெரியவந்தது. ஆகவே எத்தனை லோரி என்பதோடு, எவ்வளவு பாரம் என்பதையும் அறியாமல் போடும் கணக்கு அரைக் கணக்கே.

இனி, இக்கணக்கில் விடுபடுவன யாவை என்று பார்ப்போம். தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நமக்கு இது நாள்தோறும் கண்முன் நடக்கும் காரியம். குலை ஏற்றிய லோரி எடை மேடையில் ஏறுகிறது. சீட்டில் எண், எடை, நேரம் எழுதுகிறோம். ஆலையில் கொட்டிவிட்டு அதே லோரி வெறுமையாகத் திரும்புகிறது. சரக்கின் எடையை மட்டும் பார்க்கும் கணக்கில் வெறும் லோரிக்கு இடமேது? ஆனால் சாலையில் அதுவும் அதே இடத்தைத்தான் அடைக்கிறது. பட்டணத்திலோ வேறு விதம். சிறு வேன் ஒன்று கிடங்கிலிருந்து புறப்பட்டுப் பத்துப் பதினைந்து கடைகளில் நின்று நின்று இறக்கிப் போகிறது. இது ஒரே பயணமா, பதினைந்து பயணமா? ஈர்ப்பு வாய்பாடு இதற்கு விடை சொல்லாது. சுங்கச் சாவடிக் கணக்கை நம்பலாமென்றால், பாலங்களில் தீவுக்கு வரும் வண்டிக்கே சுங்கம். திரும்பிப் போகிறவன் கணக்கில் விழுவதில்லை. கம்பெனிகளைக் கேட்கலாமென்றால், தம் சரக்கு விவரம் போட்டிக்காரனுக்குத் தெரிந்துவிடும் என்று வாய் திறவார்.

எல்லாவற்றினும் பெரிய விடுபாடு ஒன்றுண்டு. பொதுப்பணி அமைச்சின் சாலைக் கணக்கெடுப்பில் வண்டிகளை ஆறு வகையாகப் பிரித்து எண்ணுகிறார்கள்: கார், சிறு வேன், இரண்டு அச்சு லோரி, மூன்றும் அதற்கு மேலும் அச்சுள்ள லோரி, பஸ், மோட்டார் சைக்கிள். நடந்து போகிறவனுக்கு இதில் ஏழாவது இடம் இல்லை. நாமறிந்த ஒரு தோட்டத்தின் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்குப் போக லோரிச் சாலையொன்றைக் கடக்கவேண்டும். காலை ஏழு மணிக்குப் பிள்ளைகளும் அங்கே, மணலேற்றிய லோரிகளும் அங்கே. ஒருமுறை கணக்கெடுப்போர் வந்து நாள் முழுதும் அச்சந்தியில் அமர்ந்து எழுதினர். லோரிகள் எண்ணப்பட்டன, பிறகு சாலையும் அகலமாயிற்று. அகலமான சாலையில் லோரி முன்னிலும் வேகமாகப் போகிறது. பிள்ளைகள் கடக்கவேண்டிய தூரமோ கூடிவிட்டது. பெற்றோர் மேம்பாலம் கேட்டு விண்ணப்பம் எழுதினர். 'இத்தனை பேர் கடக்கின்றனர் என்பதற்கு விவரம் உண்டா?' என்று பதில் வந்தது. விவரம் எங்கிருந்து வரும்? எண்ணினார் யார்?

ஓட்டுநரையும் மறக்கலாகாது. பலருக்குக் கூலி ட்ரிப் கணக்கில். துறைமுக வாயிலில் காத்துக் கிடக்கும் நேரத்திற்குக் காசில்லை. அதை அவன் சாலையில் ஓட்டித்தான் ஈடுகட்டவேண்டும். அளவு மீறிய பாரமும் ஓயாத அவசரமும் இங்கேதான் பிறக்கின்றன. 2025 மே 13-ல் பேராக் தெலுக் இந்தானில் கற்கள் ஏற்றிய லோரியொன்று கலகத் தடுப்புப் போலீசார் சென்ற வண்டியில் மோதி ஒன்பது பேர் மாண்டனர். அந்த லோரி அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருந்தது பின்னர் விசாரணையில் வெளிப்பட்டது. இத்தகைய சாவு நேரும்போது 'விதி' என்று நெஞ்சில் அடித்துக்கொள்வது நம்மவர் வழக்கம். எடை மேடையில் நின்று பார்த்தால் தெரிந்திருக்கக் கூடிய பாரத்தை விதியின் தலையில் ஏற்றுவது எவ்வகை நியாயம்?

பினாங்கின் போக்குவரத்துப் பெருந்திட்டத்தை மாநில அரசு 2013-ல் ஏற்றது. 2025-ல் முத்தியாரா இலகு ரயில் வழியின் வேலையும் தொடங்கியது. மனிதர் பயணத்தைப் பற்றிப் பேச்சு மிகுதியாக நடக்கிறது, நல்லதே. சரக்கின் பயணத்தைப் பற்றியும், அச்சரக்கு வழியோரத்தில் வாழ்வோரைப் பற்றியும் அதே அக்கறை வேண்டும். 1976-ம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்ட நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும்; ஆட்சேபம் தெரிவிக்க எவர்க்கும் உரிமையுண்டு. அந்நாட்களில் மாநகர் மன்றத்தின் வாசலில் நம்மவர் எத்தனை பேரைக் காணமுடிகிறது?

ஆகவே தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள இளைஞர்களுக்கு ஒன்று சொல்வோம். மன்றக் கூட்டங்களில் பேசுவதற்குச் செலவாகும் நேரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். நால்வர் சேர்ந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் பள்ளிச் சந்தியில் காலை ஆறு முதல் எட்டு வரை நில்லுங்கள். கடக்கும் பிள்ளைகள் எத்தனை, லோரிகள் எத்தனை, எத்தனை அச்சு, எந்த நிமிடம் என்று குறியுங்கள். மறு வாரமும் செய்யுங்கள். இரண்டு பட்டியலையும் விண்ணப்பத்தோடு சேர்த்து மாநகர் மன்றத்திற்கு அனுப்புங்கள். கண்ணீர் விட்டு எழுதிய கடிதத்தை ஓரமாக வைத்துவிடலாம். தேதியும் நேரமும் தொகையும் போட்டு வந்த பட்டியலுக்கு எவரேனும் பதில் எழுதியே ஆகவேண்டும்.