சிரித்தே கொல்லும் பாவையும் செல்போனில் சில பேய்களும்

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற சாலையில் ஒரு வளைவு தனியாக நிற்கும். பழைய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் முகப்பு அது. டி.ஆர். சுந்தரம் 1935ல் தொடங்கிய கம்பெனி. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956ல் இங்கிருந்துதான் வந்தது. இன்று கார்க்காரர்கள் இறங்கி, வளைவின் முன் செல்ஃபி எடுத்துக்கொண்டு, மலையேறிவிடுகிறார்கள்.

நீங்கள் வண்டியை நாமக்கல் பக்கம் திருப்புங்கள். ராசிபுரம் தாண்டி, மரவள்ளிக் காடுகளையும் கோழிப்பண்ணைகளையும் கடந்தால் கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். பின்சீட்டில் இருப்பவர்கள் கையில் எலுமிச்சம்பழம் இருப்பது நல்லது.

இந்த மலைக்குச் சொந்தமாக ஒருத்தி உண்டு. கொல்லிப்பாவை. நற்றிணையும் குறுந்தொகையும் பேசுகிற அளவுக்குப் பழையவள். காற்று, மழை, இடி எது வந்தாலும் அழகு குலையாதவள். மலைக்கு வரும் பகைவரைச் சிரித்து மயக்கியே கொன்றுவிடுவாள் என்பது வழிவழியாக வரும் கதை. எட்டுக்கை அம்மன் கோயிலில் இருப்பவள் இவள்தான் என்பார்கள். உயிரில்லாத உருவம் அசைகிறது, சிரிக்கிறது, நடுங்க வைக்கிறது. அனிமேஷன் என்பதும் இதுதானே! நாமோ அந்தச் சொல்லைக் கேட்டதும் 'பிள்ளைகள் பார்க்கிற பொம்மைப்படம்' என்று ரிமோட்டை அவர்களிடம் கொடுத்துவிடுகிறோம்.

மலையேறும் முன் அடிவாரத்தில், சேந்தமங்கலத்தில் பெரியம்மா வீட்டில் ஒரு ராத்திரி தங்கினோம். பெரியம்மாவுக்கு 80 வயது தாண்டிவிட்டது. கடலைக் காட்டுக் காவலுக்குப் போன இடத்தில் முனி வந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்ட கதையை எங்களுக்குச் சொல்லி வளர்த்தவர். இப்போது கேட்க ஆளில்லை. பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில், ஆளுக்கொரு போன்.

அந்தப் போனிலேயே 'கண்டிட்டுண்டு' போட்டுக் காட்டினேன். மலையாளக் குறும்படம். இயக்கியவர் அதிதி கிருஷ்ணதாஸ். தயாரிப்பு சுரேஷ் எரியட்டின் ஸ்டூடியோ ஈக்சாரஸ். 2021ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த அனிமேஷன் படம். பி.என்.கே. பணிக்கர் என்ற பெரியவர், தான் பார்த்த பேய் பிசாசுகளைப் பற்றிச் சர்வசாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போவார். அந்தப் பேச்சுக்குத்தான் படம் வரைந்திருக்கிறார்கள். சிரிப்பும் வரும், முதுகும் சில்லிடும்.

பெரியம்மாவுக்கு மலையாளம் தெரியாது. முழுசாகப் பார்த்துவிட்டு, "இது நம்ம முனிதான் சாமி, பேருதான் வேற" என்றார். பிறகு சுண்ணாம்புக் கதையை ஆரம்பித்தார். மூலைகளில் இருந்த போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. சின்னவன் மட்டும் தன் போனை அணைக்கவில்லை. ரெக்கார்டிங்கைத் தட்டி அவர் மடி அருகே வைத்தான். எந்தக் காடு, அப்போது தாத்தா எங்கே இருந்தார், முனிக்கு மீசை எப்படி என்று ஒன்று மாற்றி ஒன்று கேள்வி. மீசைக்கு மட்டும் பெரியம்மா பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். இந்தப் பக்கத்து முனியப்பன் சிலைகளைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்.

இன்னும் சில படங்கள். கீதாஞ்சலி ராவின் 'பிரிண்டட் ரெயின்போ' 2006ல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் பரிசுகள் வென்றது. தனியாக வாழும் பாட்டி, ஒரு பூனை, தீப்பெட்டிப் படங்கள். அந்தப் படங்களுக்குள் புகுந்துதான் பாட்டி ஊர் சுற்றுகிறார். பேய் கிடையாது, தனிமைதான் பயம். என் கணக்கில் இதுதான் முதலிடம். இஷான் சுக்லாவின் 'ஷிர்கோவா'வில் ஊரே தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு திரிகிறது. கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

'வேட்' மட்டும் பெரியவர்களுக்கு. கடல் ஏறி மூழ்கிய கொல்கத்தா, அதில் மனிதர்களும் புலிகளும். 2020ல் பிரான்சின் அனெசி விழாவில் பரிசு பெற்ற படம். அதைச் சின்னவர்கள் தூங்கிய பிறகு பார்த்தோம்.

எல்லாவற்றையும் சமவெளியிலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். 70 வளைவு ஏறிய பிறகு, மலை மேல் சிக்னலை நம்பி உட்கார முடியாது. எட்டுக்கை அம்மனைப் பார்க்கப் பகலிலேயே போய்வந்துவிடுங்கள். பெரியம்மா சொன்னது அது. காரணம் கேட்டால் சிரிக்கிறார்.