949 ரூபாயை முடிவு செய்தவர்கள்

2012ஆம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு பி.காம். படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் தமிழ்த்துறைக்கு வந்து என் மேசையருகே நின்றார். கவிதை எழுதுபவர், அந்த உரிமையில் வணிகவியல் ஆசிரியர்களை விட்டுவிட்டு என்னிடம் வந்திருந்தார். "ஐயா, இன்வெஸ்ட்மென்ட் பேங்க்ல சேரணும்னா மேற்கொண்டு என்ன படிக்கணும்?" என்று கேட்டார். நான் சற்றும் தயங்கவில்லை. "வங்கி வேலைதானே? ஐ.பி.பி.எஸ். எழுதுங்கள்" என்றேன். பெரும்பாலான பொதுத்துறை வங்கிகளுக்கும் சேர்த்து ஒரே தேர்வு என்ற முறை அதற்கு முந்தைய ஆண்டுதான் வந்திருந்தது. செய்தித்தாளில் படித்திருந்தேன், என் ஞானம் அவ்வளவே. அவர் எழுதினார், தேறினார், இப்போது தருமபுரிப் பக்கம் ஒரு கிளையில் மேலாளராக இருக்கிறார்.

அன்று நான் சொன்ன பதில் அவர் கேட்ட கேள்விக்கானதே அல்ல என்பதை எனக்குப் புரியவைத்தவன் என் தங்கை மகன்.

தங்கை கணவர் காரைக்குடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். 2022 மே மாதம் எல்.ஐ.சி. முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்றபோது, நெடுநாள் பாலிசிதாரர் என்ற பெருமையில் அவரும் விண்ணப்பித்தார். விலை 949 ரூபாய். பாலிசிதாரருக்கு 60 ரூபாய் தள்ளுபடி. 15 பங்குகளுக்கு 13,335 ரூபாய். மே 17 அன்று சந்தையில் பட்டியலிடப்பட்டபோது, தள்ளுபடி விலைக்கும் கீழேதான் வணிகம் தொடங்கியது. மச்சான் இரண்டு நாள் கல்லாவில் உட்கார்ந்து புலம்பினார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்த பையனோ வேறொன்று கேட்டான்.

"அந்த 949ஐ யாரு மாமா முடிவு பண்ணுனது?"

அரசாங்கம் என்றேன். அவன் நம்பவில்லை. மறுநாள் கைப்பேசியில் பிராஸ்பெக்டஸைத் திறந்து காட்டினான். கோடக் மகிந்திரா கேப்பிடல், கோல்ட்மேன் சாக்ஸ், ஜே.எம். ஃபைனான்ஷியல், எஸ்.பி.ஐ. கேப்பிடல் என்று பத்து நிறுவனங்களின் பெயர்கள் இருந்தன. எந்த விலைக்கு எவ்வளவு பங்கு போகும் என்று பெரிய முதலீட்டாளர்களிடம் நாடி பிடித்துப் பார்த்து, 902 முதல் 949 வரை என்ற வரம்பை வகுக்க அரசுக்கும் எல்.ஐ.சி.க்கும் ஆலோசனை சொன்னவர்கள் இவர்கள்தாம். தேர்வுக்கு நடுவே இதையெல்லாம் ஏன் படித்தாய் என்று அவனைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இவ்விடத்தில் தமிழாசிரியனுக்கே உரிய ஒரு புலம்பலைச் சொல்லியாக வேண்டும். என்னை ஏமாற்றியது 'வங்கி' என்ற சொல். இந்த வங்கியில் செலான் இல்லை, பாஸ்புக் இல்லை, நகைக்கடன் இல்லை. மூலதனம் தேடும் நிறுவனத்துக்கும் அதைத் தரக்கூடியவருக்கும் நடுவே நின்று, பங்கு வெளியீட்டை நடத்திக் கொடுப்பதும், ஒரு நிறுவனத்தை இன்னொன்று வாங்கும்போது விலைபேச உதவுவதும், அதற்குக் கட்டணம் பெறுவதும்தான் தொழில். செபியின் 1992ஆம் ஆண்டு விதிமுறைகள் இவர்களை 'மெர்ச்சன்ட் பேங்கர்' என்கின்றன. அதைத் தமிழாக்க முயன்றால் 'வணிக வங்கியர்' என்று வரும்; ஆனால் நம் பாடநூல்களில் வணிக வங்கி என்பது சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் தெருமுனை வங்கி. ஆக, இருக்கிற ஒரு சொல்லும் வேறு ஆளுக்குப் போய்விட்டது. பட்டினப்பாலை நடத்தும்போது புகார் வணிகரின் நேர்மையை மணிக்கணக்கில் வியக்கிற நான், அவர்களுக்கு மூலதனம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

2024இல் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தது. தாய்மாமன் என்ற முறையில் முடிவு என் தலையில் விழுந்தது. சென்னைக்கு வெளியே ஒரு தனியார் நிறுவனத்தின் வண்ணக் கையேடு வீட்டுக்கு வந்திருந்தது. 'இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்' என்று பட்டத்தின் பெயரிலேயே போட்டிருந்தார்கள். மூன்றாண்டுக்குக் கட்டணம் ஒன்பது லட்சம், விடுதி தனி. தங்கைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "பேரே அதுதாண்ணே! வேற என்ன வேணும்?" என்றாள்.

கல்விக்கடன் விவரம் கேட்க எனக்குத் தெரிந்த ஒரே வங்கி மேலாளரை அழைத்தேன். அந்தப் பழைய மாணவரைத்தான். "ஏழரை லட்சத்துக்கு மேல போனா ஈடு கேட்போம் ஐயா. நிலம் ஏதாவது இருக்கா?" என்றார். மானாமதுரைப் பக்கம் தங்கைக்கு ஒன்றரை ஏக்கர் புஞ்சை இருந்தது. எங்கள் அப்பா கொடுத்தது. "என்ன படிப்பு ஐயா?" என்றார் அடுத்து. சொன்னேன். மறுமுனையில் சற்றுநேரம் சத்தமே இல்லை. பிறகு, "எனக்கு ஐ.பி.பி.எஸ்.னு சொன்னீங்களே ஐயா" என்று சிரித்தார். அது குறையா, நன்றியா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. கேட்கவும் துணியவில்லை. கடனுக்கு வேண்டிய தாள்களை மட்டும் வரிசையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நிலப் பத்திரத்தைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒருமுறை தெரியாமல் சொன்னேன். இரண்டாம் முறையும் அப்படிச் செய்யலாகாது. கல்லூரித் தோழர் ஒருவரின் மகள் மும்பை பாந்த்ரா-குர்லா வளாகத்தில் இதே வேலையில் இருக்கிறாள். ஒரு ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு, அலுவலகத்தில் இருந்தபடியே பேசினாள்.

"பட்டத்தோட பேரை யாரும் பாக்கறதில்ல அங்கிள். எந்தக் கல்லூரி வளாகத்துக்கு நாங்க ஆள் எடுக்கப் போறோம்கறதுதான் கணக்கு" என்றாள். பெரிய நிறுவனங்கள் அகமதாபாத், பெங்களூரு, கல்கத்தா ஐ.ஐ.எம்.களுக்குப் போகின்றன, முதலாண்டு முடிவில் கிடைக்கும் கோடைக்காலப் பயிற்சியே பலருக்கு வாசல். இளங்கலையோடு நுழைய வேண்டுமானால் டெல்லி ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி போன்ற சில இடங்கள். உள்நாட்டு நிறுவனங்களில் சி.ஏ. முடித்தவர்களும் நிறைய உண்டு. பின்னர் அவள் சொன்னதுதான் கையேட்டை மூடிவைக்கச் செய்தது. பன்னாட்டு வங்கிகளின் பெயர்ப்பலகை சென்னையிலும் பெங்களூரிலும் ஏராளம். ஆனால் அங்குள்ள வேலைகளில் பெரும்பகுதி கணக்கு சரிபார்ப்பு, ஆவண வேலை, மென்பொருள். அவையும் கௌரவமான வேலைகளே. எனினும் 949ஐ முடிவு செய்கிற அறை அதுவன்று. "எந்த வங்கின்னு கேக்காதீங்க, எந்தப் பிரிவுன்னு கேளுங்க" என்றாள்.

வேலை நேரத்தையும் விசாரித்தேன். 2021இல் கோல்ட்மேன் சாக்ஸின் முதலாண்டு ஊழியர்கள் 13 பேர், வாரத்துக்குச் சராசரியாக 95 மணிநேரம் உழைப்பதாகத் தாங்களே கணக்கெடுத்து மேலிடத்தில் முறையிட்ட செய்தியை நினைவூட்டினாள். தங்கையிடம் சொன்னேன். "கல்யாண வீட்டு சமையல்காரர்கூட முகூர்த்தம் முடிஞ்சா தூங்குவாரேண்ணே" என்றாள்.

கையேட்டுக் கல்லூரிக்கும் நேரில் போனோம். வரவேற்பறைச் சுவர் முழுக்க வங்கிகளின் சின்னங்கள். எந்தப் பிரிவில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேட்டேன். சேர்க்கை அலுவலர் புன்னகை மாறாமல், "ஆபரேஷன்ஸ் சார்" என்றார். எல்லாருமா என்றேன். பதிலுக்குக் குளிர்பானம் வந்தது. திரும்பும் வழியில் பேருந்தில் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. விழுப்புரம் தாண்டியதும், "அந்த அறைக்குப் போக முடியாமலே போயிட்டா என்ன மாமா பண்றது?" என்றான். தமிழ் முதுகலை சேர்ந்த நாளில் என் அப்பா என்னிடம் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். அன்று அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை, பையனுக்கும் சொல்லவில்லை.

அவன் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான சி.யூ.இ.டி. எழுதினான், டெல்லியில் விரும்பிய கல்லூரி கிடைக்கவில்லை. திருச்சியில் ஓர் உதவிபெறும் கல்லூரியில் பி.காம்., கூடவே சி.ஏ. என்று முடிவாயிற்று. சி.ஏ.வில் ஆடிட்டரிடம் பயிற்சிக் காலம் மூன்றாண்டாக இருந்ததை 2023இல் இரண்டாகக் குறைத்துவிட்டார்கள் என்பதும் ஒரு காரணம். எங்கள் பக்கத்துக்கு இந்தப் பயிற்சி முறை புதிதன்று. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்ற படிகள் இருந்தன. பெட்டியடியில் உட்கார்ந்தே கணக்குப் படித்தார்கள். பையனிடம் இதைச் சொன்னபோது, "பெட்டியடிப் பையனுக்கு எத்தனை மணிநேரம் வேலை மாமா?" என்று கேட்டான். தூங்குவதே கடைக்குள்தான் என்றேன்.

இடைநிலைத் தேர்வில் ஒரு தொகுதியைத் தாண்டிவிட்டான்; மற்றது கைநழுவியது. மீண்டும் எழுத வேண்டும். அடுத்து சி.எஃப்.ஏ.வா, கேட் எழுதி ஐ.ஐ.எம்.மா என்று இப்போதே பேசுகிறான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களைக்கூட அங்கே பார்ப்பார்களாமே என்று கவலைப்படுகிறான். நிலப் பத்திரம் தங்கையின் பீரோவிலேயே இருக்கிறது.

பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் பையன் என்ன படிக்கிறான் என்று விசாரித்தார். "பேங்க் வேலைக்குப் படிக்கிறான்" என்றாள் தங்கை. பையன் என்னைப் பார்த்தான். நான் கரும்பை ஒடித்து அவனிடம் ஒரு துண்டைக் கொடுத்தேன்.